சிலைக்குத் தனிக் கணக்கு கொடுத்தால் அது யாருடைய கணக்கு?

தேக்கா வாசி

மாஸ்டடான், புளூஸ்கை என்ற சமூக வலைத்தளங்களைப் பற்றி இங்கே இழை இழையாகப் பேசியாயிற்று. எல்லாம் மனிதர்களின் கணக்கு பற்றித்தான். நான் கேட்பது பொருள்களைப் பற்றி.

அரும்பொருளகத்துக்கு ஒரு கணக்கு இருப்பது வழக்கம். கண்காட்சி அறிவிப்பு, நுழைவுச்சீட்டு விலை, பள்ளி விடுமுறைப் பட்டறை, இவ்வளவுதான் அதில் வரும். ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கணக்கு கொடுத்தால் என்ன? தேசிய அரும்பொருளகத்தில் இருக்கும், பழைய எழுத்து பொறித்த சிங்கப்பூர்க் கல்லுக்கு ஒன்று. கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்தில் நிற்கும் செட்டிநாட்டு நிலைவாசலுக்கு ஒன்று (5,000 சிறு செதுக்கல்கள் என்று சொல்வார்களே, அதே வாசல்தான்). ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் பெலித்துங் தீவருகே மூழ்கிய கப்பலின் சரக்கு மட்டும் 50,000 துண்டுகளுக்கு மேல். அதில் கிண்ணத்துக்கு ஒன்று.

அத்தனையிலும் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு கிண்ணம் என்று வையுங்கள். அதை மட்டும் தொடர்வேன். அது காட்சிக்கு வந்தால், வெளியூருக்கு இரவல் போனால், யாராவது அதைப் பற்றிப் புதிதாக ஆராய்ந்து எழுதினால் எனக்குத் தெரிய வேண்டும். மற்ற நாளில் அது வாயைத் திறக்க வேண்டாம்.

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குள் இயங்கும் அரும்பொருளகம் இந்தத் திசையில் சோதனை செய்து பார்த்திருக்கிறது. நம் ஊரில் எடுபடுமா?

பழைய ஓலை

"வணக்கம் நண்பர்களே, நான்தான் கிண்ணம், இன்று எனக்குத் தூசு தட்டினார்கள்" என்று ஒரு பதிவு வந்தால் அந்த நிமிடமே பிளாக் செய்துவிடுவேன் தம்பி. முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

தேக்கா வாசி

அதே கவலை எனக்கும் உண்டு ஐயா. சிகாகோவில் சூ என்ற டைனோசர் எலும்புக்கூட்டின் பெயரில் ஒரு கணக்கு கிண்டலும் கேலியுமாக எழுதிப் பெரிய பெயர் வாங்கியது. அது நன்றாக எழுதத் தெரிந்தவர் கையில் இருந்ததால் ஓடியது. ஆயிரம் பொருளுக்கு அப்படிக் குரல் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. நான் கேட்பது பதிவேட்டுக் குறிப்பு மாதிரி வறண்ட இரண்டு வரி. "இன்று முதல் இரண்டாம் மாடிக் காட்சிக்கூடத்தில்." அவ்வளவுதான்.

கிளமெண்டி நிரலர்

தொழில்நுட்பப் பக்கம் நான் சொல்கிறேன். ஒரு லட்சம் பொருளுக்கு ஒரு லட்சம் கணக்கு என்றதும் சர்வர் செலவு பற்றிப் பயம் வரும். வரத் தேவையில்லை.

மாஸ்டடானை நிறுவி அதில் ஒவ்வொன்றாகக் கணக்கு திறக்க நினைத்தால்தான் தொல்லை. அது மனிதருக்காகச் செய்தது. மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் கேட்கும். ஆனால் அடியில் ஓடும், சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறைக்கு (2018 ஜனவரியில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக வந்தது) அது எதுவும் தேவையில்லை. அதன் கண்ணில் கணக்கு என்பது ஜேசன் வடிவில் ஒரு சின்ன உரைக் கோப்பு. பெயர், படம், செய்தி வந்து சேரும் இன்பாக்ஸ் முகவரி, பதிவுகள் கிடக்கும் அவுட்பாக்ஸ் முகவரி, ஒப்பத்தைச் சரிபார்க்க ஒரு பொதுச்சாவி. பெயரும் படமும் அரும்பொருளகத்தின் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. யாராவது தேடினால் கணக்கைத் தேடித் தரும் வெப்ஃபிங்கர் வழியாகக் கேள்வி வரும், அந்த நொடியில் கோப்பைத் தயாரித்து நீட்டினால் போதும். யாரும் தேடாத பொருளுக்குக் கணக்கு இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

செலவு தொடங்குவது பின்தொடர்பவர்கள் வந்த பிறகு. அவர்கள் பட்டியலைச் சேமிக்க வேண்டும், பதிவு போடும்போது அவர்கள் இருக்கும் சர்வர்களுக்கெல்லாம் அனுப்ப வேண்டும். அதிலும் ஒரே சர்வரில் ஐந்நூறு பேர் இருந்தாலும் பொது இன்பாக்ஸுக்கு ஒரு முறை அனுப்பினால் ஆயிற்று.

கணக்கின் வகையை 'சர்வீஸ்' என்று குறித்துவிட்டால் மாஸ்டடானில் 'தானியங்கி' என்ற அடையாளத்தோடு தெரியும். யாரும் மனிதர் என்று ஏமாற மாட்டார்கள்.

மூன்றாம் மாடி

புதுச் செய்தியைத் தானாகக் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் போதுமே? பொருளுக்கு ஒரு ஓடை. வேலை முடிந்தது.

கிளமெண்டி நிரலர்

ஆர்எஸ்எஸ்ஸில் பதில் சொல்ல முடியாது. அறிவிப்புப் பலகை மாதிரி, படித்துவிட்டுப் போகலாம். இதில் இன்பாக்ஸ் இருக்கிறது. "பெயர் தெரியாத பெண், 1950கள்" என்று ஒரு நிழற்படம் இருந்தால், அது என் சித்தி என்று சிராங்கூனில் ஒருவர் அந்தப் படத்துக்கே பதில் எழுதலாம். அந்தத் தகவல் அந்தப் படத்தோடேயே நிற்கும். அரும்பொருளகத்தின் பொது மின்னஞ்சலுக்குப் போய்ப் புதைந்து போகாது.

காட்சிப்பேழை

இந்தத் துறையில் வேலை பார்ப்பவள், எங்கே என்று சொல்ல மாட்டேன். உற்சாகத்தைக் கெடுப்பதாக நினைக்க வேண்டாம்.

சித்தி கதை அழகாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் உண்மையா என்று ஒருவர் சரிபார்க்க வேண்டும். இன்னொருவர் வந்து "இல்லை, இது என் பெரியம்மா" என்பார். மூன்றாமவர் ஆபாசமாக எதையாவது எழுதுவார். ஒரு லட்சம் இன்பாக்ஸ் என்றால் ஒரு லட்சம் வாசல். சேகரிப்புப் பிரிவில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள், எந்த ஊர் அரும்பொருளகமாக இருந்தாலும் சரி.

இடம் பற்றிய தகவலை எல்லாம் வெளியே சொல்லவும் மாட்டோம். காட்சியில் இருப்பதைச் சொல்லலாம். கிடங்கில் எந்த அடுக்கு, எந்த நாளில் லாரியில் ஏறுகிறது என்பதெல்லாம் பாதுகாப்பு சமாச்சாரம். ஆகவே "போனது, வந்தது" என்று பொருள் அப்போதைக்கு அப்போது சொல்லும் என எதிர்பார்க்காதீர்கள். நடந்து முடிந்து பல நாள் கழித்துச் சொல்லலாம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ட்விட்டரில் அரும்பொருளகப் படங்களை எடுத்துப் போட்ட பாட்கள் (தானியங்கிக் கணக்குகள்) நிறைய இருந்தன. நியூயார்க் மெட் அரும்பொருளகம் 2017ல் தன் படங்களைக் கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டதும் அப்படிப்பட்டவை பெருகின. 2023ல் ட்விட்டர் இலவச ஏபிஐயை (நிரல்கள் நேரே பதிவு போட உதவும் வழி) வெட்டிக் குறைத்ததும் பல ஓய்ந்துவிட்டன. பின்தொடர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் கடை போட்டால் அப்படித்தான். நம் டொமைனிலேயே நம் பொருள் இருப்பது நல்லதுதான்.

ஜூபி ரசிகை

லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கும் ஜூபி லீக்குக் கணக்கு கொடுத்தால் முதல் ஆளாகத் தொடர்வேன்! 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்குப் பக்கத்தில் செத்து மிதந்த எண்ணெய்த் திமிங்கிலம். எஸ்ஜி50, அதாவது சிங்கப்பூர் விடுதலையின் பொன்விழா (ஜூபிலி) ஆண்டு என்பதால் அந்தப் பெயர். பெயரே இருக்கும்போது கணக்கு மட்டும் ஏன் இல்லை?

இன்னொன்று. அம்மா தலைமுறை ஆட்களைக் கேளுங்கள், ஸ்டாம்ஃபர்டு சாலையில் பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் தொங்கிய திமிங்கில எலும்புக்கூட்டைப் பற்றிச் சொல்வார்கள். 1907லிருந்து அங்கே இருந்தது. 1974ல் மலேசியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள், கடைசியில் அது லாபுவானுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போதே கணக்கு இருந்திருந்தால் அதைத் தொடர்ந்தவர்கள் கதி என்ன? கணக்கும் லாபுவானுக்குப் போகுமா, இங்கேயே நிற்குமா?

வாடகை வீட்டுக்காரன்

ஜூபி ரசிகை அக்கா கடைசியில் கேட்ட கேள்விதான் இந்த இழையின் கேள்வி என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அரியலூர்ப் பக்கத்து ஆள். அதனால் இது எனக்கு வெறும் தொழில்நுட்ப விஷயம் இல்லை.

ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007ல் நியூயார்க்கில் ஒரு கடையிலிருந்து உமா பரமேஸ்வரி செப்புத் திருமேனி ஒன்றை வாங்கியது. சோழர் காலத்து வேலை. விலை 6,50,000 அமெரிக்க டாலர். கடைக்காரர் சுபாஷ் கபூர். 2011ல் ஜெர்மனியில் பிடிபட்டு, பிறகு தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். அம்மன் எங்கள் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலிலிருந்து திருடு போனவள். அதே கோயில் நடராசரை 2008ல் கான்பராவில் இருக்கும் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. அவர் 2014 செப்டம்பரில் திரும்பினார். இங்கிருந்த உமாவைத் திருப்பித் தருவதாக 2015 அக்டோபரில் அறிவித்தார்கள்.

ஒரு கற்பனை. 2007லேயே உமாவுக்கு அரும்பொருளகத்தின் டொமைனில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது என்று வையுங்கள். முதல் பதிவு என்னவாக இருக்கும்? "சோழர் காலம், தமிழ்நாடு, 2007ல் வாங்கப்பட்டது." அவளுடைய வரலாறு வாங்கிய நாளிலிருந்து தொடங்கும். அதற்கு முந்தைய பல நூற்றாண்டுகள் கோயிலில் பூசை வாங்கியது எங்கே? திருப்பிக் கொடுத்த பிறகு என்ன ஆகும்? சேகரிப்பிலிருந்து நீக்கிய பொருளின் பக்கத்தை வைத்திருக்க யாருக்கும் கட்டாயம் இல்லை. பக்கம் போனால் கணக்கும் போகும். எட்டு ஆண்டுகள் இங்கே இருந்தாள் என்பதற்கான தடமும் போகும். அந்தத் தடம்தான் முக்கியம்! நடராசர் வழக்கில் எதை வைத்து அடையாளம் கண்டார்கள்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த நிழற்படங்களை வைத்துத்தான். எங்கோ ஒருவர் பதிவு செய்து வைத்திருந்தார், அது அழியாமல் இருந்தது.

இந்தத் தேடலில் முன்னால் நின்ற தன்னார்வக் குழுவான இந்தியா பிரைட் புராஜெக்ட் இதே சிங்கப்பூரில் தொடங்கியதுதான் என்பதையும் சொல்லி வைக்கிறேன். பெருமைக்காகத்தான், வேறொன்றுமில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். பொருளுக்கு அடையாளம் கொடுப்பதாக இருந்தால் அது அரும்பொருளகத்தின் பெயருக்குக் கீழே தொங்கக் கூடாது. பொருள் போகிற இடத்துக்கெல்லாம் அடையாளமும் கூடவே போக வேண்டும். இல்லாவிட்டால் நாம் கொடுப்பது அடையாளம் இல்லை, உடைமை முத்திரை.

மூன்றாம் மாடி

ஆர்எஸ்எஸ் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்க மாட்டேன், ஆனால் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை.

கிளமெண்டி நிரலர்

வாடகை வீட்டுக்காரன் கேட்பது முடியுமா என்றால், பாதி முடியும்.

ஆக்டிவிட்டிபப் வழியில் இடம் மாற 'மூவ்' என்ற செய்தி இருக்கிறது. புதிய கணக்கில் "பழைய கணக்கும் நானே" என்று எழுதி வைக்க வேண்டும். பழைய சர்வரிலிருந்து, பழைய கணக்கின் தனிச்சாவியால் (அதன் ரகசியச் சாவி) ஒப்பமிட்டு, "நான் அங்கே போய்விட்டேன்" என்று அனுப்ப வேண்டும். மாஸ்டடானில் இருப்பவர்கள் தானாகவே புதிய கணக்குக்கு மாறிவிடுவார்கள். ஆனால் பழைய பதிவுகள் கூட வராது. பின்தொடர்பவர்கள் வருவார்கள், வரலாறு வராது. உமாவுக்கு வேண்டியது நேர்மாறு.

இன்னொரு சிக்கல், மூவ் அனுப்பப் பழைய வீட்டுக்காரரின் மனம் வேண்டும். அவர் சர்வரை அணைத்துவிட்டால், அல்லது "தர மாட்டேன்" என்றால், முடிந்தது. திருட்டுச் சிலை விஷயத்தில் பழைய வீட்டுக்காரர் எவ்வளவு ஒத்துழைப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

புளூஸ்கையின் ஏடி புரோட்டோகால் இதில் ஒரு படி மேல். அதில் கணக்கின் உண்மையான அடையாளம் டிஐடி என்ற நீண்ட குறியீடு. கண்ணுக்குத் தெரியும் பெயர் மாறலாம், சர்வர் மாறலாம், குறியீடு மாறாது. பதிவுகள் எல்லாம் ஒரே பெட்டகமாக இருக்கும், அப்படியே தூக்கிக்கொண்டு வேறு சர்வருக்குப் போகலாம். மாற்றும் உரிமை தரும் சாவியைச் சர்வர்காரர் அல்லாமல் வேறொருவரும் வைத்திருக்கலாம். ஆகவே பழைய வீட்டுக்காரர் முரண்டு பிடித்தாலும் வெளியேறலாம். ஆனால் பெரும்பாலான கணக்குகளின் குறியீட்டு அடைவை நடத்தி வந்தது புளூஸ்கை நிறுவனமே. பரவலாக்கம் என்று சொல்லிவிட்டு மறுபடி ஒரு கம்பெனியின் வாசலில் நிற்கிறோம்.

காட்சிப்பேழை

இரண்டு நெறிமுறைக்கும் முந்தைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. லூவர் தன் இணையச் சேகரிப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆர்க் எண் கொடுத்திருக்கிறது. நூலகங்களிலும் ஆவணக்காப்பகங்களிலும் நிரந்தர அடையாளத்துக்குப் புழங்குவது. சமூக வலைத்தளம் எது வந்தாலும் போனாலும் அந்த எண் நிற்க வேண்டும், கணக்கு அதன் மேல் போர்த்திய துணியாக இருந்தால் போதும் என்பது என் கட்சி. மாஸ்டடான் தொடங்கியதே 2016ல்தான். எங்கள் பொருள்களின் வயதோடு பார்த்தால் நேற்றுப் பிறந்த குழந்தை.

நீக்கிய பொருள் பற்றி ஒரு வார்த்தை. ஆக்டிவிட்டிபப் அடுக்கில் டூம்ஸ்டோன் என்று ஒரு வகை உண்டு. எதையாவது அழித்தால் அந்த முகவரியில் "இங்கே ஒன்று இருந்தது" என்று சொல்லும் குறிப்பை நட்டு வைக்கலாம். திருப்பிக் கொடுத்த பொருளுக்கு அதையாவது செய்ய எந்த நிர்வாகத்துக்கும் தடை இருக்கக் கூடாது. வெட்கப்பட வேண்டியது வாங்கியதற்கு. திருப்பிக் கொடுத்ததைப் பெருமையாகவே எழுதி வைக்கலாம்.

பழைய ஓலை

வாடகை வீட்டுக்காரத் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு பிளாக் செய்யும் யோசனையைத் தள்ளி வைத்திருக்கிறேன். ஆனால் அந்த 'சர்வீஸ்' என்ற வகை எனக்கு ஒப்பவில்லை. அம்பாளைத் 'தானியங்கி' என்று குறிப்பார்களாமா?

சட்டத்தைக் கேட்டால் வேறு பதில் வரும். பத்தூர் நடராசர் வழக்கு தெரியுமா? 1976ல் தஞ்சைச் சீமையில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, கை மாறி, லண்டன் வரை போன திருமேனி. கனடாவின் பம்பர் டெவலப்மென்ட் என்ற நிறுவனம் வாங்கியிருந்தது. லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது உரிமை கோரியவர்கள் வரிசையில் இடிந்து கிடந்த அந்தக் கோயிலும் அங்கிருந்த சிவலிங்கமும் இருந்தன. இந்தியச் சட்டத்தில் கோயில் தெய்வம் சட்டப்படி ஒரு நபர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். 1991ல் மேல்முறையீட்டிலும் கோயில் தரப்பே வென்றது, நடராசர் ஊர் திரும்பினார்.

வெள்ளைக்கார நீதிபதிகளே ஏற்றுக்கொண்டதை ஒரு ஜேசன் கோப்பு ஏற்காதா?

கிளமெண்டி நிரலர்

ஏற்கும் ஐயா. ஐந்து வகை இருக்கிறது: அப்ளிகேஷன், குரூப், ஆர்கனைசேஷன், பெர்சன், சர்வீஸ். 'பெர்சன்' என்று போட ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். தானியங்கி அடையாளம் போய்விடும் என்பதுதான் பிரச்சினை. சில சர்வர்களில் அதை மறைத்து இயங்கும் பாட்களைத் தடை செய்துவிடுவார்கள். "இது தெய்வம்" என்று நிர்வாகியிடம் முறையீடு அனுப்ப வேண்டியிருக்கும் :)

தேக்கா வாசி

நான் எதிர்பார்த்ததைவிட ஆழத்துக்குப் போய்விட்டது. இன்னொரு சிக்கலையும் போட்டு வைக்கிறேன்.

சிங்கப்பூர்க் கல். ஆற்று முகத்துவாரத்தில் இருந்த பெரும்பாறையை 1843ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். எழுத்து இருந்த சில துண்டுகள் கல்கத்தாவுக்குப் போயின. ஒன்று முதலாம் உலகப் போர் முடிந்த காலத்தில் இங்கே திரும்பியது, அதுதான் இப்போது தேசிய அரும்பொருளகத்தில் இருப்பது. சரி, கணக்கு யாருக்கு? இந்தத் துண்டுக்கா, இல்லாமல் போன முழுப் பாறைக்கா? அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னும் முடிவாகப் படிக்கவில்லை. சோழ மன்னர்களின் பரகேசரிவர்மன் என்ற பட்டத்தின் ஒரு பகுதி தெரிகிறது என்று ஓர் ஆய்வாளர் 2019ல் சொன்னார், அதையும் எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. இப்படிப்பட்ட செய்தி கல்லின் கணக்கில் வர வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன். ஆனால் இரண்டு ஆய்வாளர் இரண்டு விதமாகச் சொன்னால் கல் எந்தப் பக்கம் நிற்கும்?

காட்சிப்பேழை

கல் யார் பக்கமும் நிற்கக் கூடாது. "இன்னார் இப்படிச் சொல்கிறார்" என்று ஆய்வாளரின் பதிவைப் பகிரலாம். மாற்றுக் கருத்து வந்தால் அதையும் பகிரலாம். அவுட்பாக்ஸ் என்பது அதற்கு நல்ல இடம், தேதி வரிசையில் எல்லாம் கிடக்கும். விளக்கப் பலகையில் ஒரு கருத்துக்குத்தான் இடம் இருக்கிறது.

ஜூபி ரசிகை

நியூசிலாந்தில் ஒரு தமிழ் மணி இருக்கிறதே, அதற்கும் யாராவது கணக்கு கேளுங்கள். 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தபோது மாவோரி மக்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். இப்போது வெலிங்டன் தெ பாப்பாவில் இருக்கிறது. "முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி" என்று தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. ப்ரொஃபைல் வரி எழுதும் வேலை மிச்சம்.

மூன்றாம் மாடி

அந்தக் கணக்கில் முதல் பதிவு தமிழில் வர வேண்டும், அடுத்தது மாவோரியில். ஆங்கிலத்தில் தொடங்கினால் நான் தொடர மாட்டேன்.

வாடகை வீட்டுக்காரன்

சாவி விஷயத்துக்கு வருகிறேன். நிரலர் அண்ணன் சொன்னபடி உரிமைச் சாவியை வேறொருவரும் வைத்திருக்கலாம் என்றால், பொருள் இருக்கும் அரும்பொருளகத்திடம் ஒன்று, நடுநிலையான நூலகம் அல்லது ஆவணக்காப்பகத்திடம் ஒன்று, பொருள் பிறந்த ஊரிடம் ஒன்று என்று மூன்றாகக் கொடுங்கள். இரவலுக்குப் போகும்போது அரும்பொருளகச் சாவி போதும். உடைமை மாறினால் மற்ற இரண்டும் வேண்டும். செய்ய முடியாத விஷயமா இது?

கிளமெண்டி நிரலர்

புளூஸ்கை முறையில் ஒரு அடையாளத்துக்குப் பல சாவிகள் வைக்கலாம், ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று வரிசையும் வைக்கலாம். ஆனால் அந்த வரிசையில் மேலே இருப்பவர் கீழே இருப்பவர் செய்ததைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ரத்து செய்யலாம். "மூவரில் இருவர் சேர்ந்தால்தான்" என்பது அதில் அப்படியே கிடையாது, மேலே தனியாக ஏதாவது கட்ட வேண்டும். யாரை மேலே வைப்பது என்ற சண்டையை நிரலால் தீர்க்க முடியாது.

பழைய ஓலை

ஊரை மேலே வையுங்கள், வேறென்ன.

காட்சிப்பேழை

ஐயா, ஊர் என்றால் யார்? மீட்டுக்கொண்டு வந்த திருமேனிகள் பல கோயிலுக்கே போவதில்லை. பாதுகாப்பு இல்லை என்று திருமேனிப் பாதுகாப்பு மையத்தில் வைக்கிறார்கள். சாவியை அறநிலையத் துறையிடம் கொடுப்பதா, தொல்லியல் துறையிடமா, சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவிடமா, தினமும் விளக்கேற்றும் குருக்களிடமா? இங்கே ஒரு நிறுவனத்தோடு பேசுவது சுலபம். அந்தப் பக்கம் யாருடைய கையெழுத்து வேண்டும் என்று சொல்லுங்கள், பிறகு சாவியைப் பற்றிப் பேசலாம்.

வாடகை வீட்டுக்காரன்

என்னைக் கேட்டால் குருக்களிடம். ஆனால் அவர் போனில் வாட்ஸ்அப்புக்கே பேரன்தான் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்திருப்பார். சரி, ஊர்ப் பஞ்சாயத்தில் இருக்கும் ஒருவரிடம் பேசிப் பார்க்கிறேன், என்ன சொல்கிறார் என்று இங்கே எழுதுகிறேன்.